மூழ்கின போர்க்கப்பல்ல டைவ் பண்ண ஆசையா? கொழும்புல இருந்து தயாராகிறதுக்கு முழு வழிகாட்டி

"அண்ணா, சூக் லகூனுக்குக் காசு கட்டியாச்சு, இனி என்ன கோர்ஸ் செய்யணும்?" மூழ்கின கப்பல் பாக்க மைக்ரோனேசியாவுக்குப் போக வெளிக்கிட்டு இப்பிடிக் கேக்கிற ஆக்கள் கூடிட்டாங்க, கேள்வியிலயே ஒழுங்கு தலைகீழாக் கிடக்கு. காசு கட்டினவுடன தேதி ஒண்டு வந்திடும், பிறகு பயிற்சி எல்லாத்தையும் அந்தத் தேதிக்குள்ள அடக்கப் பாப்பாங்க, அப்பிடி அடக்கேக்க விடுபடுறது எப்பவும் பயன்சியும் (தண்ணிக்குள்ள ஏறாம தாழாம ஒரே மட்டத்தில நிக்கிறது) காத்துக் கணக்கும்தான். கப்பலுக்குள்ள ஏதும் பிழைச்சா ஆளைக் காப்பாத்திறதும் அந்த ரெண்டும்தான். அதால கீழ இருக்கிற ஒழுங்கை மாத்தாம போங்கோ. ஓப்பன் வாட்டர் எண்ட முதல் டைவிங் கோர்ஸ் முடிச்சு கடல்ல கொஞ்சம் பழகின ஆக்களுக்குத்தான் இத எழுதுறன், கோர்ஸுக்குப் பதிலா இத வச்சுக்கொண்டு ஒருத்தரும் இறங்க வேண்டாம்.

1. முதல்ல கப்பலை ஆழத்தை வச்சு தெரிவு செய்யுங்கோ

படத்தைப் பாத்து கப்பலைத் தெரிவு செய்றதுதான் முதல் பிழை. ஒரு கப்பலுக்கு ஒரு ஆழம் இல்ல, மேல்தட்டு ஒரு ஆழம், அடி இன்னொரு ஆழம். உங்கட லைசன்ஸுக்கு எந்தப் பகுதி சரிவரும் எண்டு பாக்கணும்.

மைக்ரோனேசியாவில இருக்கிற சூக் லகூன்ல 1944 பெப்ரவரி 17, 18 ரெண்டு நாள் தாக்குதல்ல போன ஜப்பான் கப்பல்கள் கிடக்கு. அதுல அநேகமானது நேவி எடுத்துப் பாவிச்ச சரக்குக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும்தான், அசல் போர்க்கப்பல் எண்டு பாத்தா ஃபுமிசுக்கி டிஸ்ட்ரோயர் மாதிரி சிலதுதான். ஃபுஜிகாவா மாரு நிமிந்து நிக்குது, மேல்தட்டு கிட்டத்தட்ட 18 மீட்டர், அடி 34 மீட்டர் மட்டில, முன்பக்க ஹோல்டுக்குள்ள (சரக்கு அறை) ஸீரோ விமான உடல்கள் இன்னும் இருக்கு. அட்வான்ஸ்ட் எண்ட ரெண்டாவது கோர்ஸ் முடிச்ச ஆளுக்கு இது நல்ல கப்பல். சான் ஃபிரான்சிஸ்கோ மாரு அதே லகூன்லதான், ஆனா டாங்கிகள் நிக்கிற மேல்தட்டே 50 மீட்டர் மட்டில. அது டெக்னிக்கல் டைவிங் (40 மீட்டருக்கும் கீழ, தனிப் பயிற்சியோட போறது), சாதாரண லைசன்ஸ்ல பேசவே கூடாது. பிகினி அடோலும் அப்பிடித்தான், 1946 அணுகுண்டு சோதனையில போன சரட்டோகாவும் நகாட்டோவும் 50 மீட்டர் தாண்டின அடியில கிடக்கு.

எங்கட ஊருக்கும் இதே கதைதான். மட்டக்களப்புக்கு வெளில கிடக்கிற ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் (1942 ஏப்ரல் 9) 53 மீட்டர்ல இருக்கு, கிட்ட இருக்கு எண்டதுக்காக லேசு எண்டு நினைக்காதீங்கோ. அதே நாள் அதே தாக்குதல்ல போன பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் 25 மீட்டர் மட்டில கிடக்கு, பழகிறதுக்கு அதுதான் சரி.

என்ட அபிப்பிராயம்: முதல் வெளிநாட்டுப் பயணம் சூக் வேண்டாம், பிலிப்பைன்ஸ் கொரோன் போங்கோ. 1944 செப்டெம்பர் 24ல போன கப்பல்கள், அநேகமானது 40 மீட்டருக்குள்ள, போறதும் லேசு. அங்க இருக்கிற அகிட்சுஷிமா உண்மையான நேவிக் கப்பல், பக்கவாட்டில சரிஞ்சு கிடக்கு.

2. மெடிக்கலும் இன்சூரன்ஸும் கோர்ஸுக்கு முதல்

டைவ் சென்டர்ல தாற மெடிக்கல் ஃபோர்ம்ல எல்லாத்துக்கும் "இல்லை" எண்டு டிக் போட்டுட்டுப் போற ஆக்களைக் கண்டிருக்கிறன். இழுப்பு, பிரஷர், காது ஒப்பரேஷன், வலிப்பு இதுல ஏதும் இருந்தா டொக்டரிட்ட உண்மையைச் சொல்லி கையெழுத்து வாங்குங்கோ. கப்பலுக்குள்ள இழுப்பு வந்தா உடன மேல வர ஏலாது, முதல்ல வாசலுக்கு வரணும், பிறகுதான் மேல. அதாலதான் சாதாரண ரீஃப் டைவை விட இதுல கண்டிப்பா இருக்கிறம்.

சாதாரண ட்ராவல் இன்சூரன்ஸ் டைவிங்கைச் சேர்க்காது, சேர்த்தாலும் ஒரு ஆழத்தோட நிப்பாட்டிடும். சின்ன எழுத்தை வடிவா வாசியுங்கோ. டான் மாதிரி டைவர்ஸுக்கெண்டே இருக்கிற கவர் எடுத்தா, தூரத் தீவில இருந்து ஆளை எடுத்து ரீகம்ப்ரெஷன் சேம்பருக்கு (டைவ் நோய்க்கு அழுத்தத்தில வைச்சு வைத்தியம் செய்ற அறை) கொண்டுபோற செலவும் வருதா எண்டு பாருங்கோ, செலவு மலையா வாறது அந்த இடத்திலதான்.

3. கோர்ஸ் ஒழுங்கும் சீசனும்

ஓப்பன் வாட்டர் 18 மீட்டர், அட்வான்ஸ்ட் 30, டீப் ஸ்பெஷாலிட்டி 40. அதுக்குப் பிறகு நைட்ராக்ஸ் (ஒக்சிஜன் கூடின காத்து), பிறகு ரெக் ஸ்பெஷாலிட்டி (மூழ்கின கப்பல் கோர்ஸ்). நைட்ராக்ஸை ரெக்குக்கு முதல் செய்யச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு: 30 மீட்டர்ல வெறும் காத்தோட டைவ் டேபிள் தாற நேரம் (டிகம்ப்ரெஷன் ஸ்டாப் இல்லாம இருக்கக்கூடியது) 20 நிமிஷம், 32 வீத நைட்ராக்ஸ்ல 30 நிமிஷம். கப்பலைச் சுத்திப் பாக்க அந்தப் பத்து நிமிஷம் பெரிய விஷயம். ஆனா 32 வீதத்துக்கு எல்லை 33 மீட்டர் மட்டும்தான், 40 வரைக்கும் போறதெண்டா 28 வீதம் வேணும். சிலிண்டரை நீங்களே அனலைஸ் பண்ணி டேப்ல எழுதுங்கோ, கைட் சொன்னார் எண்டு விடாதீங்கோ.

கொழும்புல இருக்கிற ஆக்களுக்கு ஒரு வசதி, வருஷம் முழுக்கப் பழகலாம். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மேற்குக் கடல், கல்கிசைப் பக்கம் இருந்து காலம்பற போட் போகும், பாணந்துறைப் பக்கம் 2012ல போன தர்மோபிலே சியரா மாதிரி புதுக் கப்பல்கள் இருக்கு. மே மாசத்தோட இங்க கடல் கலங்கிடும், அப்ப செப்டெம்பர் வரைக்கும் பாசிக்குடாவும் திருகோணமலையும். ரெக் கோர்ஸை மேற்கில முடிச்சிட்டு, கிழக்கில அதையே திரும்பத் திரும்பச் செய்து பழகினா ஒரு சுத்து வந்திடும். அவசரப்பட்டு நாலு கோர்ஸையும் ஒரே கிழமையில முடிச்சா கார்ட் கையில இருக்கும், பழக்கம் இருக்காது.

4. பயன்சி, ட்ரிம் (உடம்பு படுத்த மாதிரி நேரா நிக்கிறது), கிக்

கப்பலுக்குள்ள எண்பது வருஷமா வண்டல் படிஞ்சு கிடக்கு, மாவு மாதிரி. ஃபின்னை ஒருக்கா மேல கீழ அடிச்சா எழும்பி வாசல் தெரியாமப் போயிடும். அதால ஃப்ராக் கிக் வேணும், முழங்காலை மடிச்சு ஃபின்னைப் பக்கவாட்டில தள்ளுறது, தண்ணி பின்னுக்குப் போகும், கீழ போகாது. பின்பக்கம் நீந்திற பேக் கிக்கும் வேணும், ஏனெண்டா சில இடத்தில திரும்ப இடம் இருக்காது.

சோதிச்சுப் பாக்கிற விதம்: 5 மீட்டர்ல, டேங்க்ல 50 பார் இருக்கேக்க, தரையில இருந்து ஒரு சாண் உயரத்தில படுத்த நிலையில, கை ரெண்டையும் முன்னுக்கு நீட்டி ஆடாம ஐஞ்சு நிமிஷம் நிக்கணும், பிறகு அதே இடத்தில அசையாம மாஸ்க்கைக் கழட்டித் திரும்பப் போடணும். ஏலாட்டி இன்னும் உள்ளுக்குப் போற ஆள் இல்ல. அநேகமான ஆக்களுக்கு இங்க பிரச்சினை வெயிட்தான், பயத்தில ரெண்டு கிலோ கூடப் போட்டிருப்பாங்க, அதுக்குப் பீசீடில (காத்து நிரப்புற ஜாக்கெட்) காத்து கூட விடணும், அந்தக் காத்து ஒவ்வொரு மீட்டருக்கும் விரிஞ்சு சுருங்கி ஆளை ஏத்தி இறக்கும். முதல் வெயிட்டைக் குறையுங்கோ, பாதிப் பிரச்சினை தீரும்.

தொங்கிற கேஜ், ஒக்டோபஸ் (மூச்செடுக்கிற ஸ்பேர் வாய்ப்பீஸ்) எல்லாத்தையும் நெஞ்சோட க்ளிப் பண்ணுங்கோ. கப்பலுக்குள்ள கரண்ட் வயர் பழைய கயிறு எல்லாம் தொங்கும், தொங்கிறதில தொங்கிறது மாட்டும்.

5. சாமான்

லைட் மூண்டு. ஒண்டு பெருசு, ரெண்டு பேக்கப். பெருசு அணைஞ்சா பேக்கப்போட வெளில வரணும், தொடர்ந்து உள்ளுக்குப் போகக் கூடாது. வெட்டுறதுக்குப் பெரிய கத்தி தேவையில்ல, லைன் கட்டர் ஒண்டும் ஆம்புலன்ஸ்காரர் பாவிக்கிற மாதிரிக் கத்திரிக்கோல் ஒண்டும், ரெண்டு கையாலயும் எட்டக்கூடிய இடத்தில. பழைய மீன்வலையும் நைலோனும் கத்திக்கு மசியாது, கத்திரிக்கோலுக்கு மசியும்.

எஸ்எம்பியும் (ஊதி மேல விடுற அடையாள ட்யூப்) 30 மீட்டர் லைன் இருக்கிற ஸ்பூலும் ஆளுக்கு ஒண்டு. கொழும்புக்கு வெளில மீன்பிடிப் போட்டும் கப்பலும் ஓடுற இடம், நீரோட்டம் தள்ளினா போட்காரர் உங்களைக் காணுறது அந்த ஒரேஞ்ச் ட்யூபாலதான். ஊதேக்க ஸ்பூலை உடம்போட க்ளிப் பண்ணாதீங்கோ, சிக்கினா அது உங்களையும் சேர்த்து மேல இழுத்திடும்.

3 மில்லி ஃபுல் சூட், க்ளவ்ஸ். சூடான கடல்தான், சூட் குளிருக்கில்ல, துருவுக்கு. துருவெட்டு பட்டா ஏற்பு ஊசி (டெட்டனஸ்) போட வேண்டி வரும், அதையும் போறதுக்கு முதல் போட்டுட்டுப் போங்கோ.

6. காத்துக் கணக்கு: இத விட்டுட்டு ஒண்டும் செய்யாதீங்கோ

"50 பார்ல மேல வாறது" எண்டுதான் எல்லாரும் படிச்சிருப்பீங்க. 30 மீட்டர்ல அது காணாது. ஏன் எண்டு கணக்குப் போட்டுக் காட்டுறன்.

உங்கட பார்ட்னரிட்ட காத்து முடிஞ்சிட்டுது, ரெண்டு பேரும் உங்கட டேங்க்ல இருந்து எடுக்கிறீங்க, ரெண்டு பேரும் பயந்து போய் ஆளுக்கு நிமிஷத்துக்கு 30 லீட்டர் எடுக்கிறீங்க எண்டு வைப்பம், அப்ப சேர்த்து 60. 30 மீட்டர்ல அழுத்தம் 4 பார். நிலைமையைச் சரிப்படுத்த ஒரு நிமிஷம்: 60 தர 4, 240 லீட்டர். 5 மீட்டருக்கு ஏற நிமிஷத்துக்கு 9 மீட்டர்ப்படி 3 நிமிஷம், சராசரி அழுத்தம் 2.75: 495 லீட்டர். 5 மீட்டர்ல 3 நிமிஷ ஸ்டாப்: 270. மேல வர இன்னொரு நிமிஷம்: 75. கூட்டினா 1080 லீட்டர். கொழும்புல வாடகைக்கு வாற அலுமினியம் டேங்க் 11 லீட்டர், அப்ப கிட்டத்தட்ட 100 பார்.

அதாவது 200 பாரோட இறங்கினா பாதி உங்கட காத்து இல்ல, அது பார்ட்னரிட்ட உயிர். மிச்சம் 100 பார்தான் சுத்திப் பாக்க. வெளில மட்டும் எண்டா 150ல திரும்புங்கோ.

உள்ளுக்குப் போறதெண்டா இன்னும் இறுகும். மூண்டில ஒண்டு போக, ஒண்டு வர, ஒண்டு ரிசேர்வ் எண்ட சட்டம் எல்லாருக்கும் தெரியும், ஆனா 200ஐ நேரா மூண்டாப் பிரிச்சா வாசலுக்கு வரேக்க 67 பார் நிக்கும், ரெண்டு பேர் மேல வர 100 வேணும் எண்டு இப்பதானே பாத்தம். அதால முதல் 100ஐத் தள்ளி வையுங்கோ, மிச்ச 100ஐ மூண்டாப் பிரியுங்கோ, 167ல திரும்பணும். இவ்வளவுதானா எண்டு கேப்பீங்க. ஓம், 30 மீட்டர்ல ஒத்தை டேங்கோட இவ்வளவுதான். கூட வேணும் எண்டா ஆழம் குறைஞ்ச பகுதிக்குப் போங்கோ, இல்லாட்டி சைட்மவுண்டோ (டேங்கைப் பக்கவாட்டில கொண்டுபோறது) ரெட்டை டேங்கோ படியுங்கோ.

உங்கட சொந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க, 10 மீட்டர்ல பத்து நிமிஷம் சாதாரணமா நீந்தி எத்தினை பார் குறைஞ்சது எண்டு பாருங்கோ. குறைஞ்ச பாரை 11ஆல பெருக்கி, 10ஆல பிரிச்சு, பிறகு 2ஆல பிரிச்சா மேற்பரப்பில நிமிஷத்துக்கு எத்தினை லீட்டர் எண்டு வரும். ஒவ்வொரு சீசனும் திரும்பப் பாருங்கோ.

7. முதல் டைவ் வெளிலதான்

எந்தக் கப்பல் எண்டாலும், கைட் என்ன சொன்னாலும், முதல் டைவ்ல உள்ளுக்குப் போகாதீங்கோ. சுத்தி வந்து வாசல்கள் எங்க, எது உடைஞ்சு விழப்போகுது, நீரோட்டம் எந்தப் பக்கம், ஷொட் லைன் (இறங்கி ஏறுற கயிறு) எந்த இடத்தில கட்டியிருக்கு எல்லாத்தையும் பாத்து ஸ்லேட்ல கீறுங்கோ. சரிஞ்சு கிடக்கிற கப்பல்ல சுவர்தான் தரை, கதவு கூரையில இருக்கும், அது மூளைக்குப் பழக ஒரு டைவ் வேணும். 30 மீட்டர் தாண்டினா நைட்ரஜன் மயக்கமும் சேரும், "நல்லாத்தான் இருக்கிறன்" எண்டு தோணுறதே அதிட அடையாளம்.

8. உள்ளுக்குப் போறது

ரெக் ஸ்பெஷாலிட்டி தாற எல்லை: வெளி வெளிச்சம் தெரியிற தூரம், அதோட ஆழமும் உள்ளுக்குப் போற தூரமும் சேர்த்து மேற்பரப்பில இருந்து 40 மீட்டர். 30 மீட்டர்ல இருக்கிற வாசல் எண்டா உள்ளுக்கு 10 மீட்டர்தான். இத மறந்து "எஞ்சின் ரூம் பாத்திட்டு வருவம்" எண்டு போறதுதான் கூடக் காணுற பிழை.

லைன் போடுற ஒழுங்கு: வாசலுக்கு வெளில, நேரா மேல போகக்கூடிய இடத்தில முதல் கட்டு. லைனை ரெண்டு சுத்துச் சுத்தி, ரீலை லைனுக்கு அடியால எடுத்து இறுக்கி, ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. துருப்பிடிச்ச கூர் விளிம்பில கட்டாதீங்கோ, லைன் தேய்ஞ்சு அறும். வாசலுக்குள்ள கால் வைச்சவுடன ரெண்டாவது கட்டு, முதல் கட்டு கழண்டாலும் இது நிக்கும். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலயும் ஒரு கட்டு, இல்லாட்டி லைன் மூலைக்குள்ள இழுபட்டு, கை மட்டும் போகக்கூடிய இடுக்கால போயிடும், வண்டல் எழும்பினா அந்த இடுக்கால நீங்க வர ஏலாது.

ரீல் பிடிக்கிற ஆள் முதல் போய் கடைசியா வாறார், மற்ற ஆள் லைனுக்குக் கிட்டவே நிக்கணும். ஒண்டும் தெரியாமப் போனா பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து லைனைச் சுத்தி வளையம் போடுங்கோ, இழுக்காதீங்கோ, மற்றக் கையை முகத்துக்கு முன்னுக்கு வைச்சு ஆறுதலா வாங்கோ. பின்னுக்கு வாறவர் முன் ஆளிட காலைப் பிடிக்கிறார், ஒருக்கா அமத்தினா போ, ரெண்டு தரம் எண்டா நில், இத மேலயே பேசி வையுங்கோ.

இதப் பழக கடல் தேவையில்ல. வெள்ளவத்தையில ஃப்ளாட்ல இருக்கிற ஆக்கள் கீழ கார் பார்க்குக்குப் போங்கோ, தூண் தூணா லைன் கட்டுங்கோ, மாஸ்க்குக்குள்ள கறுப்புத் துணி வைச்சு கண்ணை மூடி, அதே லைனைப் பிடிச்சு திரும்பி வாங்கோ. செக்யூரிட்டி அண்ணாவிட்ட முதல் சொல்லிட்டுச் செய்யுங்கோ. ஒரு பின்னேரம் இப்பிடிப் பழகின ஆளும் பழகாத ஆளும் தண்ணிக்குள்ள கட்டுப் போடேக்க வித்தியாசம் அப்பட்டமாத் தெரியும்.

இன்னொண்டு, நீங்க எவ்வளவு வடிவா நீந்தினாலும் விடுற காத்துக் குமிழ் கூரையில பட்டு துரு கொட்டும். அதால வரேக்க எப்பவும் போகேக்க இருந்ததை விட மங்கலாத்தான் இருக்கும், அத எதிர்பாத்துத்தான் போகணும். கூரையில காத்துத் தேங்கி நிக்கிற இடத்தில தலையை வைச்சு ரெகுலேட்டரைக் கழட்டாதீங்கோ, துரு ஒக்சிஜனைத் திண்டிருக்கும், பழைய எரிபொருள் ஆவியும் இருக்கலாம்.

9. கை வைக்கக் கூடாத இடங்கள்

ஷெல், குண்டு, டெப்த் சார்ஜ் எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கும். ஜப்பான் குண்டுகள்ல பிக்ரிக் அமிலம் பாவிச்சிருக்கு, அது உலோகத்தோட சேர்ந்து காலப்போக்கில இன்னும் ஆபத்தாகும். போட்டோவுக்கெண்டும் தூக்காதீங்கோ, நகத்தாலயும் தட்டாதீங்கோ. எண்ணெய் கசியிற இடம் கண்டா விலகுங்கோ, தோலும் எரியும், ரெகுலேட்டர் ரப்பரும் பழுதாகும்.

சூக்ல ஒரு போத்தலோ பிளேட்டோ எடுத்தாலும் சட்டப்படி குற்றம். அதை விட, இதெல்லாம் ஆக்கள் செத்த இடம். ஹெர்மிஸில மட்டும் 307 பேர். சில கப்பல்கள்ல எலும்பு இன்னும் இருக்கு. அதை வீடியோ எடுத்துப் போடுற ஆக்களோட நான் டைவ் பண்ணுறதில்ல.

10. இப்பதான் டிக்கெட்

சூக் போற வழமையான பாதை குவாம் வழியா. குவாம் அமெரிக்காவிட இடம், இலங்கைப் பாஸ்போட்டுக்கு ட்ரான்சிட்டுக்கும் அமெரிக்க விசா வேணும். விசா கையில வராம ரிஃபண்ட் இல்லாத டிக்கெட் போடாதீங்கோ. தீவில டைவ் பெர்மிட்டும் எடுக்கணும், போட்காரரே ஒழுங்கு பண்ணுவாங்க.

லைட் பேட்டரி எல்லாம் ஹேண்ட் லக்கேஜ்ல. சூக்ல 110 வோல்ட் மட்டில, தட்டையான ரெண்டு பின் ப்ளக், சார்ஜர்ல 100-240 எண்டு போட்டிருக்கா பாருங்கோ. ரெகுலேட்டர் டேங்க்ல பூட்டுற விதம் டின்னா யோக்கா, அங்க என்ன டேங்க் எண்டு ஈமெயில்ல கேளுங்கோ, அடாப்டர் கொண்டுபோங்கோ. ஓ ரிங், மாஸ்க் பட்டி, ஃபின் பட்டி, வாய்ப்பீஸ் எல்லாம் ரெண்டு ரெண்டு, அங்க வாங்கக் கடை இல்ல. ரெகுலேட்டர் சேர்விஸைப் போறதுக்கு முதல் நாள் குடுக்காதீங்கோ, சேர்விஸ் முடிஞ்சு ரெண்டு மூண்டு டைவ் உள்ளூர்ல செய்து பாத்திட்டுக் கொண்டுபோங்கோ.

11. டைவ் முடிஞ்ச பிறகு

பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணினா ப்ளேன் ஏற முதல் குறைஞ்சது 18 மணித்தியாலம், டிகம்ப்ரெஷன் டைவ் (மேல வர முதல் கட்டாயம் நிண்டு வாறது) எண்டா 24க்கும் மேல. கடைசி நாளைத் துணி காயப்போட வையுங்கோ. கிழக்கில டைவ் பண்ணிட்டு வாற ஆக்கள் இதை மறக்கிறாங்க: பாசிக்குடாவில காலம்பற டைவ் முடிச்சிட்டு பின்னேரம் நுவரெலியா பாத்திட்டுக் கொழும்பு போவம் எண்டு பிளான் போடுவாங்க. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், 600 மீட்டர் தாண்டினாலே ப்ளேன் ஏறுற மாதிரிக் கணக்கெடுக்கணும். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை வழியா வாங்கோ.

மூட்டு நோ, விறைப்பு, தலைச்சுத்து, தோல்ல கோலமாத் திட்டு, காரணமில்லாத களைப்பு, சலம் போக ஏலாமை இதுல எது வந்தாலும் பனடோல் போட்டுப் படுக்காதீங்கோ. ஆளைப் படுக்க வைச்சு நூறு வீத ஒக்சிஜன் குடுங்கோ, திரும்பத் தண்ணிக்குள்ள இறக்காதீங்கோ, 1990 ஆம்புலன்ஸுக்கு அடியுங்கோ, டான் லைனுக்கும் கதையுங்கோ. ரீகம்ப்ரெஷன் சேம்பர் திருகோணமலைல நேவியிட்ட இருக்கு, எப்பிடிக் கொண்டுபோறது எண்டதை உங்கட டைவ் சென்டரிட்ட இறங்க முதலே கேட்டு வையுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போகேக்க டைவ் கம்ப்யூட்டரையும் கையில கொண்டுபோங்கோ, பார்ட்னரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவருக்கும் அதே ஆழம் அதே நேரம்தான்.